வீட்டுத் தோட்டமும் மாதர் சங்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலை வரலாறுகள் பெரும்பாலும் அதிபர்களின் பெயர்களாலும், கட்டடங்களாலும், பரீட்சைப் பெறுபேறுகளாலும் எழுதப்படுகின்றன. கிணற்றடியில் நின்ற முருங்கையும் வேலியோரத்துக் கீரைப் பாத்தியும் அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆயினும் பெண்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கங்கள் சமூகத்துக்குச் செய்த கல்விப் பணியில் தோட்டத்துக்குத் தனியிடம் உண்டு. நூற்றாண்டு காணும் பழைய மாணவிகள் சங்கத்தினராகிய நாம் அந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது.

இலங்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பாடசாலைத் தோட்டங்கள் அரசின் ஆதரவுடன் அமைக்கப்பட்டன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த சி. டிறிபேர்க், இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் பணியாற்றினார். அச்சங்கம் ஆளுநர் சேர் ஹென்றி பிளேக்கின் காலத்தில், 1904இல் தொடங்கப்பெற்றது. விவசாயத் திணைக்களம் 1912இல்தான் தோன்றியது. மாணவன் பாடசாலையில் கற்றது அவன் வீட்டு வளவுக்கும் போய்ச் சேரும் என்பதே பாடசாலைத் தோட்டத்தின் அடிப்படை எண்ணம். ஆனால், தோட்டம் ஆண்பிள்ளைகளின் பாடம், தையலும் சமையலும் பெண்பிள்ளைகளின் பாடம் என்ற நினைப்பு அக்காலத்தில் வலுவாகவே இருந்தது.

அடுப்படியையும் வளவையும் பிள்ளையின் சுகத்தையும் ஒரே கல்வியாகக் காணும் சிந்தனை வேறொரு திசையிலிருந்து வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தமது கைக்குழந்தையை இழந்தார். அசுத்தமான பாலே அதற்குக் காரணம் என்று நம்பிய அவர், பெண்களுக்கு வீட்டு விஞ்ஞானக் கல்வி வேண்டுமென்று ஊரூராகப் பேசினார். அதன் பயனாக 1897 பெப்ரவரியில் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் 101 பெண்கள் கூடி முதலாவது மாதர் நிலையத்தை அமைத்தனர். ஒன்ராறியோ எங்கும் பரவிய இந்நிலையங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டுமென்றும் குரல் கொடுத்தன. 1915இல் இவ்வியக்கம் பிரித்தானியாவை அடைந்தது. ஸ்ரோனி கிறீக் இன்று ஹமில்ரன் நகரின் ஒரு பகுதி. ரொறன்ரோவில் வாழும் எமது சகோதரிகள் பலர் நயாகராவுக்குப் போகும் வழியில் அதைக் கடந்திருப்பார்கள்.

அதே ஒன்ராறியோவில் பிறந்து ரொறன்ரோவில் மருத்துவம் படித்தவர் மேரி இர்வின். மருத்துவ ஊழியராக 1896இல் இலங்கைக்கு வந்த அவர், தமிழரான எஸ். சி. கே. ரட்ணத்தைத் திருமணம் செய்தவர். அத்திருமணத்தை மிஷன் ஏற்கவில்லை. டொக்டர் மேரி ரட்ணம் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். தமிழ் மாதர் சங்கத்தின் தோற்றத்திலும் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்திலும் முன்னின்றார். 1937இல் கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானார்.

அவரது பெரும் பணி 1930இல் தொடங்கிய லங்கா மகிளா சமிதி. தாம் பிறந்த மாகாணத்து மாதர் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு, கிராமத்துப் பெண்களைச் சிறு சங்கங்களாக அவர் ஒன்று சேர்த்தார். எழுத்தறிவு, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, கைப்பணி, வீட்டுத் தோட்டம் ஆகியவை அங்கு ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. மருந்து கொடுத்து அனுப்பிய பெண் அதே பலவீனத்தோடு மீண்டும் வருவதை எந்த வைத்தியரும் அறிவார். அவளது வளவுக்குள்ளும் வைத்தியம் செல்லவேண்டும் என்பதே இப்பணியின் உட்பொருள். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது வழங்கப்பட்டது.

அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதைக் காலம் விரைவில் காட்டியது. 1934, 35இல் பரவிய மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பட்டினியால் நலிந்திருந்த உடல்களுக்குக் காய்ச்சலைத் தாங்கும் வலு இருக்கவில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகியபோது அரிசி வரவு நின்று, பங்கீடு வந்தது. உணவு உற்பத்தி இயக்கம் ஊரெங்கும் பரவியது. போர் முடிந்ததும் அந்த உற்சாகமும் மெல்லத் தணிந்தது.

வடக்கில் நாம் அறிந்த கதையும் இதுவே. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் எமது விவசாயிகளை நிமிர வைத்தன. 1990களில் பொருளாதாரத் தடை வந்து யூரியா கிடைக்காதபோது, சாணமும் பூவரசங்குழையும் மறுபடி மண்ணுக்குள் போயின. வளவில் நின்ற முருங்கையும் மரவள்ளியும் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. அக்காலத்தை நடத்திச் சென்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. பின்னர் 2022இல் உணவுப் பொருட்களின் விலையேற்றம் கடுமையானபோது, வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் நிலையும் வந்தது.

பஞ்சம் வரும்போது தோட்டம் நினைவுக்கு வருவதும், கடைகள் நிறைந்தவுடன் மறந்துபோவதும் இந்த வரலாறு முழுவதும் காணும் வழக்கம். நெருக்கடிக்காகப் பிறந்த தோட்டம் நெருக்கடியோடு முடிந்துவிடும். சமிதி போன்ற முயற்சிகளோ தோட்டத்தைக் கல்வியோடு இணைத்தன. கற்றுக்கொண்ட பெண் அதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

வைத்தியர்களாகிய எமக்கு இது பழங்கதை அன்று. இரத்தசோகையோடு வரும் மாணவிகளை இன்றும் காண்கிறோம். இரும்புச்சத்து மாத்திரை அவசியமான இடத்தில் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். கீரை அதற்கு ஈடாகாது. ஆனால் கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு உறிஞ்சத் தேசிக்காய்ப் புளி உதவும் என்பதும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும் என்பதும், கீரையின் கரோட்டின் உடலில் சேரச் சிறிதளவு எண்ணெய் வேண்டும் என்பதும் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கக்கூடிய அறிவு. இவற்றைக் கரும்பலகையில் படிப்பதிலும், தான் நட்ட வல்லாரையையும் பொன்னாங்காணியையும் கையிற் பிடித்துக்கொண்டு படிப்பது மனதில் நிற்கும். பல பாடசாலைகளில் தோட்ட வேலை தண்டனைக்குரியதாகவே இருந்து வந்துள்ளது. அந்த நிலை மாறாமல் இந்தப் பாடம் பயன்தராது.

நூற்றாண்டு நினைவாக எதைச் செய்வது என்று உலகெங்குமுள்ள எமது கிளைகள் யோசிக்கும் இவ்வேளையில், கட்டடங்களோடு ஒரு தோட்டத்தையும் எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம். அதற்குப் பெருந்தொகை தேவையில்லை. நீர்த்தாங்கி ஒன்று, உறுதியான வேலி, ஆவணி விடுமுறையிலும் தண்ணீர் ஊற்ற ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு, நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளை ஆகியவை போதும். இவற்றுள் முக்கியமானது கொடுப்பனவு. திறப்பு விழாவுக்குக் கொடுக்கப் பலர் உண்டு. பத்தாம் வருடத்துத் தண்ணீருக்குக் கொடுப்பவர் சிலரே. அந்தச் சிலராக நாம் இருப்போம்.