புறநகர் ஊராகிய வரலாறு

கன்னடத் திருநாட்டின் தலைநகராகிய பெங்களூர் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாய் வளர்ந்து வருவதை நாம் அனைவரும் கண்ணெதிரே கண்டு வருகிறோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 65 இலட்சமாக இருந்த பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டில் 96 இலட்சத்தைக் கடந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கு 47 பங்கு பெருக்கம்! இப்பெருக்கம் பெரிதும் நிகழ்ந்தது பழைய நகரத்தின் நடுவிலன்று, அதன் ஓரங்களிலேயாகும். கிழக்கே ஒயிட்பீல்டு, தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டி, வடக்கே எலகங்கா என்று நாற்றிசையும் புறநகர்கள் எழுந்தன. கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் மாடமாளிகைகள் நிற்கின்றன. நம் மக்களும் அங்கெல்லாம் பெருந்திரளாய்க் குடியேறியிருக்கின்றனர்.

ஆயின், வீடுகள் பல நெருங்கி நின்றால் மட்டும் ஓர் இடம் ஊராகிவிடுமா? குடியிருப்பு எப்பொழுது ஊராகின்றது? இவ்வினாவுக்கு விடை காணப் பெங்களூரைப் போல் உதவும் நகரம் பிறிதொன்று இல்லை எனலாம். ஏனெனில் இந்நகரம் புறநகர்களாலேயே வளர்ந்த நகரம். அப்புறநகர்களின் வரலாற்றில் தமிழ்க் குடிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கின் பெருமையையும் குறையையும் நடுநிலையோடு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதியது என்று நாம் கருதும் ஒயிட்பீல்டிலிருந்தே தொடங்குவோம். அதனை அடுத்துள்ள காடுகோடிப் பகுதியில் கி.பி. 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது முதலாம் இராசேந்திர சோழன் ஆட்சி புரிந்த காலம். பெர்மாடி காவுண்டனின் மகனாகிய இராசராச வேளான் என்பான் பட்டந்தூரில் ஏரி ஒன்றை அமைத்து, அதற்கு மதகுகளும் இட்டு, பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களுக்குக் கோயிலும் எடுத்த செய்தியை அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. இங்கு ஒரு நுட்பம் காணத்தக்கது. தந்தையின் பெயரிலே கன்னட மண்ணின் மணம் கமழ்கின்றது. மகனின் பெயரிலே சோழப் பேரரசின் முத்திரை பொலிகின்றது. ஒரே குடும்பத்தில் இரு நாட்டு மரபும் ஒன்றியிருந்தன. அக்குடும்பம் ஊருக்கு ஈந்ததோ தண்ணீர். தண்ணீருக்கு மொழி வேற்றுமை இல்லை.

இத்தகைய சான்றுகள் இன்னும் சில உண்டு. இன்று நகரத்தின் நடுவே போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்பெற்ற தொம்மலூரில் சொக்கநாதர் கோயில் உள்ளது. சொக்கநாதர் என்றவுடன் சிவபெருமானை நினைப்போம். அங்கு எழுந்தருளியிருப்பவரோ திருமால். அக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டினம் என்றும் அழைக்கின்றன. பட்டினம் என்னும் சொல்லே அது வணிகர் வந்து தங்கிய ஊர் என்பதைக் காட்டும். மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பழமையானது 1247ஆம் ஆண்டினது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்கு ஈந்ததைக் கூறுகின்றது. அங்கும் ஏரியே பேசப்படுகின்றது.

இவற்றைக் கொண்டு இம்மண்ணுக்கு நாமே மூத்த உரிமையாளர் என்று எவரேனும் மார்தட்டுவாராயின், அது வரலாற்றுக்குப் பொருந்தாது. பெங்களூர் என்னும் பெயரை முதன்முதல் சுட்டுவது பேகூரிலுள்ள கன்னடக் கல்வெட்டேயாகும். ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அந்நடுகல், பெங்களூரில் நிகழ்ந்த போர் ஒன்றைக் குறிக்கின்றது. ஆகவே கன்னடம் இம்மண்ணின் தாய்மொழி. தமிழோ நெடுங்காலமாக இம்மனையில் வாழ்ந்துவரும் உறவுமொழி. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேற்செல்வோம்.

1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் மண்கோட்டை எழுப்பிப் பேட்டைகளை வகுத்தார். அவர் மரபினர் வெட்டிய ஏரிகளுள் ஒன்றே அல்சூர் ஏரி. பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்னும் கன்னடச் சொல்லிலிருந்து பிறந்த ஹலசூரே நம்மவர் நாவில் அல்சூர் ஆயிற்று. அன்று கோட்டைக்குக் கிழக்கே தொலைவில் இருந்த ஒரு சிற்றூர் அது.

அச்சிற்றூரின் நிலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறியது. 1799ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்குத் தங்கிய ஆங்கிலப் படை நோயால் வாடியதால், தட்பவெப்பம் இனிய பெங்களூருக்கு 1809ஆம் ஆண்டில் பாளையம் மாற்றப்பட்டது. அல்சூரை ஒட்டிய வெளியில் எழுந்த அப்பாளையமே கன்டோன்மென்ட். படை என்றால் சிப்பாய் மட்டும் அல்லன். உணவு தருபவர், உடை வெளுப்பவர், குதிரை பேணுபவர், வண்டி ஓட்டுபவர், கல் உடைப்பவர், கணக்கு எழுதுபவர் அனைவரும் வேண்டும். சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து ஆற்காடு, வேலூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக வந்தனர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கரைக்கு அருகே நிலைகொண்டது. அவ்வீரர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இன்றளவும் படையில் உள்ளது. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கன்டோன்மென்டுக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்ட பின், மாட்டு வண்டியில் பல நாள் வந்த வழி ஒரு பகற்பொழுதுப் பயணமாயிற்று.

இவ்வாறு வந்தவர் தத்தமக்குரிய தெருக்களில் தனித்தனியே குடியமர்ந்தனர். செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவர்கள் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியில் வாழ்ந்தனர். அவர்களுக்காக அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1818ஆம் ஆண்டில் சிற்றாலயம் ஒன்றை அமைத்தார். அதுவே பிற்காலத்தில் தூய மரியன்னை பேராலயமாக வளர்ந்தது. செப்டம்பர் 8ஆம் நாள் அங்கு நிகழும் தேர்த்திருவிழாவில் தமிழரும் கன்னடரும் ஒரு வடத்தைச் சூழ்ந்து நிற்பதையும், பிற சமயத்தார் மெழுகுவத்தி ஏந்தி வருவதையும் நாம் அறிவோம். ஒரு சிறு குடியினர் தம் தேவைக்காகக் கட்டிய ஆலயம் ஊர்ப் பொதுவாயிற்று.

மற்றொரு சான்று ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் வாழ்வு. 1827இல் பிறந்த இவர் வணிகத்திலும் கட்டட ஒப்பந்தத்திலும் பெரும்பொருள் ஈட்டினார். இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டார கச்சேரி என்னும் செந்நிற மாளிகை 1868ஆம் ஆண்டில் நிறைவெய்தியது; அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் இவரே. ஆயினும் இவர் பெயரை இன்றளவும் மக்கள் நாவில் நிறுத்தியது அம்மாளிகை அன்று. 1873ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கென்று இவர் தொடங்கிய இலவசப் பள்ளியே நிறுத்தியது. அப்பள்ளி வளர்ந்து, அறநிலையமாகி, தலைமுறை தலைமுறையாகப் பல மொழி பேசும் மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகின்றது. மாளிகைக்குக் கூலி பெற்றார். பள்ளிக்குப் புகழ் பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்று கூறாதுவிடின் பிழையாகும். ஒப்பந்தக்காரரின் பெயரை வரலாறு எழுதி வைத்தது. அக்கட்டடத்திற்குக் கல் சுமந்த கைகளின் பெயரை எழுதி வைக்கவில்லை. கன்டோன்மென்டின் சாலைகளை இட்டவரும், தெருக்களைத் தூய்மை செய்தவரும், அதிகாரிகளின் இல்லங்களில் ஏவல் செய்தவரும் பெரும்பாலும் எளிய தமிழ் மக்களே. 1898ஆம் ஆண்டில் கொள்ளைநோயாகிய பிளேக் பரவியபோது, நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த இவ்வெளியவரே மிகுதியும் அல்லலுற்றனர். அந்நோய்க்குப் பின்னரே காற்றோட்டமுள்ள அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகள் விரைந்து வளர்ந்தன. நகரின் பக்கம் மல்லேசுவரமும் பசவனகுடியும், கன்டோன்மென்ட் பக்கம் பிரேசர் டவுனும் அவ்வாறு செழித்தவையே. எளியவர் பட்ட துன்பத்தின் மீதே புறநகரின் நல்வாழ்வு எழுந்தது என்பதை மறத்தலாகாது.

நிற்க. நம் குறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1881ஆம் ஆண்டில் மைசூர் அரசு மன்னரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டபோது, கன்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றுவிட்டது. கப்பன் பூங்காவின் மேற்கே மன்னரின் நகரம், கிழக்கே ரெசிடென்டின் நகரம் என இரண்டு பெங்களூர்கள் அருகருகே வாழ்ந்தன. மேற்கே கன்னடம் ஒலித்தது. கிழக்கே தமிழும் உருதும் ஆங்கிலமும் ஒலித்தன. 1947ஆம் ஆண்டில் கன்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்பிற்று. 1949ஆம் ஆண்டில் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. எல்லைக்கோட்டை ஓர் ஆணையால் அழித்துவிடலாம். மூன்று தலைமுறையாகக் கன்னடம் இன்றியே வாழ்ந்து பழகிய பழக்கத்தை ஆணையால் அழிக்க இயலுமா? பாளையத்தில் வாழ்ந்த தமிழருள் பலர் பூங்காவைக் கடந்து சென்று அண்டை வீட்டார் மொழியைக் கற்க முற்படவில்லை. தம் தலைநகரிலேயே தம் மொழிக்கு இடமில்லையோ என்று கன்னட மக்கள் வருந்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விடுதலைக் காலத்தை ஒட்டி எழுந்த பெருந்தொழிற்சாலைகள் இப்பிளவை ஓரளவு ஆற்றின. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை தோன்றின. அவற்றைச் சூழ்ந்து தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே பேருந்தில் சென்று, ஒரே உணவகத்தில் உண்ட தமிழரும் கன்னடரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஒருவர் மொழியை மற்றவர் தாமாகவே கற்றனர். பள்ளியில் கல்லாததைப் பட்டறையில் கற்றனர் எனலாம்.

ஆயினும் உறவு யாண்டும் இனிதாகவே சென்றது என்று கூறினால் அது பொய்யுரையாகும். 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் மூண்ட கலவரத்தில் தமிழர் பலர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். தலைமுறை பலவாக இங்கு வாழ்ந்தவரும் ஓரிரவில் அயலாராக எண்ணப்பட்டனர். அதே ஆண்டில் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்பெறாமலே பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்தது. அச்சிலை திறந்த வகை நம் சிந்தனைக்கு உரியது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதலமைச்சர் கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் வழக்கும் வாதமும் செய்யாததை, இரு மொழியும் ஒன்றையொன்று வணங்கிய அந்நான்கு நாட்கள் செய்து முடித்தன. 2016ஆம் ஆண்டில் மீண்டும் கலவரம் மூண்டபோதும் அவ்விரு சிலைகளும் தத்தம் இடத்தில் நிமிர்ந்தே நின்றன.

இனி, தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியரின் குடியேற்றத்திற்கென மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் ஒயிட்பீல்டு தோன்றியது. அவர்தம் சங்கத்தை நிறுவிய ஒயிட் என்பாரின் பெயரால் அவ்வூர் வழங்கலாயிற்று. தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான சிற்றூராய் நூறாண்டு கிடந்த அவ்விடத்தைக் கணிப்பொறித் தொழில் 1990களுக்குப் பின் முற்றிலும் மாற்றியது. 2023ஆம் ஆண்டில் மெட்ரோ இரயிலும் அங்குச் சென்றடைந்தது. இன்று அங்கு வாழும் இளைஞர் இந்தியாவின் எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் நம் தமிழிளைஞர்களும் கணக்கற்றோர். அவர்களது நிலை, 1809ஆம் ஆண்டுக்குப் பின் அல்சூருக்கு வந்த நம் முன்னோரின் நிலையை ஒத்தது. வேலை அழைத்தது, வந்தனர். உயர்ந்த மதிலும் வாயிற்காவலும் உடைய குடியிருப்புகளில், அண்டை ஊரின் மொழி அறியாமலே வாழ வசதியும் பெற்றுள்ளனர். முன்னோர்க்கு ஒரு பூங்கா எல்லையாயிற்று. இவர்களுக்கு மதில் எல்லையாகலாம்.

ஏரிகளின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. ஒயிட்பீல்டுக்குச் செல்லும் வழியருகே உள்ள பெல்லந்தூர் ஏரி கழிவுநீரால் நுரைத்துப் பொங்கியதையும், 2017ஆம் ஆண்டில் அதன் மீது தீ எரிந்ததையும் உலகமே வியந்து பார்த்தது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஒருவன் மதகு அமைத்து நீர் தேக்கினான். அறிவியலில் வல்ல நாம் அந்நீரில் தீ மூட்டினோம்!

ஆகவே வரலாறு நமக்குக் காட்டும் விடை தெளிவானது. குடியேறியவர் தமக்கென்று மட்டும் கட்டிக்கொள்ளும் வரை அவ்விடம் புறநகர்; எல்லார்க்கும் பயன்படும் ஒன்றை ஈந்து, அண்டையார் மொழியைத் தம் நாவில் ஏற்கும்போது அது ஊர். இராசராச வேளானின் ஏரியும், நாராயணசாமி முதலியாரின் பள்ளியும் நமக்கு வழிகாட்டிகள். 1950ஆம் ஆண்டில் தோன்றி, அல்சூர் ஏரிக்கு அணித்தே இல்லம் கொண்டு தமிழ் வளர்க்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அவ்வழியில் எழுந்ததே.

அன்பர்களே! நம் பிள்ளைகட்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். அதே மணையில் அமர்த்திக் கன்னட எழுத்தையும் கற்பிப்போம். நாம் வாழும் தெருவுக்கு அண்மையில் உள்ள ஏரி எது, அதன் கரையில் நிற்கும் கல் என்ன கூறுகின்றது என்று ஒரு விடுமுறை நாளிலேனும் பிள்ளைகளோடு சென்று காண்போம். அவ்வேரியைக் காக்கக் கன்னட அன்பர் அழைக்கும்போது முதற்கூடையை நாம் தூக்குவோம். அதுவே இம்மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.