வரவு ஒரு நாள், செலவு வருடம் முழுக்க: பழைய கடலூரின் ரொக்கக் கணக்கு

வியாபாரத்தில் லாபம் வருவது வேறு, கையில் ரொக்கம் இருப்பது வேறு. வணிகவியல் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் இந்தப் பாடத்தைக் கடலூர் வியாபாரிகள் முன்னூறு வருடங்களுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களும் அதில் சேர்த்தி. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. தெற்கே பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர், அதற்கும் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். ஆக, கடலூர் அன்றைக்கு ஒரு எல்லை நகரம். எல்லோருக்கும் வேண்டிய சரக்கு ஒன்றுதான், துணி!

பணம் எப்படிச் சுற்றியது?

ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கப்பலில் வரும். அதற்குப் பல மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை புயலில் இந்தக் கரையில் கப்பல் நிற்க முடியாது. ஆனால் நெசவாளிக்கு நூல் வாங்கவும் அரிசி வாங்கவும் பணம் இப்போதே வேண்டும். எனவே கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் தரும், வியாபாரி நெசவாளிக்குத் தருவார். துணி வந்த பிறகு தரம் பிரித்து, விலை குறைத்து, மீதியைக் கணக்குத் தீர்ப்பார்கள். கப்பல் தாமதமானால் கம்பெனியே உள்ளூரில் வட்டிக்குக் கடன் வாங்கும்.

நாணயம் இன்னொரு தலைவலி. வெள்ளி ரூபாய், பொன் வராகன், பணம், காசு என்று பல வகை. மாற்று விகிதம் நிலையாக இருக்காது. சராப்புக்காரர் இல்லாமல் கணக்கு நகராது. ரூபாய் அச்சடிக்க 1736இல் நவாபிடம் புதுச்சேரி அனுமதி வாங்கியதும் இதனால்தான்.

கொடுத்த முன்பணம் வராமல் போனால்? ஒரு வியாபாரி தாங்க மாட்டார். அதற்காக 1680களிலேயே சென்னையிலும் புதுச்சேரியிலும் வியாபாரிகளைச் சேர்த்துக் கூட்டுப் பங்கு நிறுவனங்கள் அமைத்தார்கள். நஷ்டம் பலர் தலையில் பிரிந்தது.

எல்லையால் யாருக்கு நன்மை?

நெசவாளிக்குத்தான். வழக்கப்படி அவர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பக்கத்து ஊரில் வேறு கொடியின் கீழ் வேறு கம்பெனி காத்திருந்ததால் அந்த உரிமைக்கு மதிப்பு இருந்தது.

பிறகு போர்கள் வந்தன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்ததும், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூர்தான். 1758இல் லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தார்கள். 1765இல் அது திரும்பக் கிடைத்தாலும் பிரெஞ்சுக்காரரின் பழைய பலம் திரும்பவில்லை.

போட்டி ஒடுங்கியதும் ஆங்கிலேயக் கம்பெனி இடையிலிருந்த வியாபாரிகளை ஒதுக்கி, தன் ஆட்களை வைத்தே நெசவாளிக்கு முன்பணம் கொடுக்க ஆரம்பித்தது. திருப்பிக் கொடுத்து விலகும் உரிமையும் பறிபோனது. முன்பு கைக்கு உதவியாக வந்த அதே முன்பணம் இப்போது காலுக்கு விலங்கானது. நெசவாளிகள் ஊரை விட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். ஆனால் போய்ச் சேர வலுவான வேறு கம்பெனி இல்லை.

ரொக்கம் எப்போது வருகிறது என்பது மட்டும் கணக்கல்ல. அதைக் கொடுப்பவர் எத்தனை பேர் என்பதும் கணக்குதான். கடலூரின் பழைய வரலாறு சொல்லும் பாடம் இது.