தெஸ்பா என்னும் பெயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் நவஹோ மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தம்மைத் தீனே என்பர். மக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். அவர்தம் பெண்மக்களுக்கு வழிவழியாக இடப்பட்டுவரும் பெயர்களுள் ஒன்று தெஸ்பா. 'போருக்குப் புறப்பட்டாள்' என்று அதற்குப் பொருள்.

தொட்டிற் குழந்தைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று நீங்கள் வியக்கக்கூடும். இது தனித்து நிற்கும் பெயருமன்று. 'பா' என்று முடியும் பெண்பெயர்கள் நவஹோ மொழியில் மிகப் பல. படைமேற் செல்லுதலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அவ்வீறு. இதனால் பெண்டிர் எல்லாரும் படைக்கலம் ஏந்தினர் என்று கொள்ளலாகாது. ஸ்பானியரோடும், பின்னர் மெக்சிக்கரோடும், யூட் என்னும் அண்டைக் குடியினரோடும் நவஹோக்கள் பல தலைமுறை பொருதனர். அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் பிடிபட்டு, நியூ மெக்சிக்கோ வீடுகளில் அடிமைகளாயினர். அக்காலத்து வாழ்வே பெயரில் படிந்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.

பெயரினும் வியப்பானது, அதை அவர்கள் காத்த முறை. போர்ப்பெயர் ஆற்றலுடையது, அடிக்கடி உச்சரித்தால் அவ்வாற்றல் தேய்ந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. ஆதலின் ஒருவரை நேர்முகத்தில் அப்பெயரால் விளிப்பதில்லை. தாய், தமக்கை, மாமன் என்ற உறவுமுறையே வழங்கும். பெயர் சடங்குகளுக்கென வைக்கப்பட்டிருந்தது.

அயலார் அறிந்தவை வேறு பெயர்களே. 1864-இல் அமெரிக்கப் படையினர் நவஹோக்களின் சோளக் கொல்லைகளையும் பீச் மரங்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை 300 மைலுக்கு மேல் நடத்திச் சென்று, சம்னர் கோட்டையருகே சிறைவைத்தனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர். 1868 ஜூன் 1-ஆம் நாள் உடன்படிக்கையால் எஞ்சியோர் தாயகம் மீண்டனர். அதில் ஒப்பமிட்ட தலைவர்கள் பார்போன்சித்தோ, மானுவெலித்தோ என்றே குறிக்கப்பட்டுள்ளனர். இரண்டும் ஸ்பானியப் பெயர்கள். முன்னதற்குச் சிறுதாடிக்காரர் என்று பொருள்.

அதே உடன்படிக்கையில் கல்வி பற்றிய ஒரு பிரிவும் உண்டு. 6 முதல் 16 வயது வரையுள்ள சிறார் பள்ளிக்குச் செல்லவேண்டும். 30 பேருக்கு ஓர் ஆசிரியர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பின்னர் எழுந்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளை தண்டனை பெற்றது. பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் ஏறியது. 35 ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துப் பெயர் அழைத்தவன் நான். தன்னுடையதல்லாத பெயருக்கு ஒரு குழந்தை 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்பதை எண்ணவே மனம் கூசுகிறது.

ஆயினும் வெளியில் சொல்லாது வைத்திருந்த பெயரைப் பதிவேட்டால் மாற்ற இயலவில்லை. தெஸ்பா என்பதையே வெளிப்படையாகத் தாங்கும் பெண்கள் இன்று உளர். அத்தகைய பெண் ஒருத்தி முறைப்படி தன்னை அறிமுகம் செய்யும்போது பெயரோடு நிறுத்துவதில்லை. தாயின் குலத்தை முதலிலும், தந்தையின் குலத்தை அடுத்தும், பின் தாய்வழி, தந்தைவழிப் பாட்டனார் இருவரின் குலங்களையும் கூறுகிறாள். கேட்டிருப்பவர், அந்நான்கினுள் தமக்குரியது ஏதேனும் உண்டா என்று பார்த்து, அவளைத் தங்கை என்பதா, மகள் என்பதா என்று தெளிகிறார்.