1964 ஃபியட்டும் இரண்டு பழைய வழக்குகளும்

ஊரிலிருந்து தாதரில் வந்து இறங்கியதும் நான் முதலில் ஏறிய வண்டி கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸி. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று எங்கே குடியேறினாலும் நம்மவர்கள் பலருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்.

அந்தப் பாசத்தில்தான் நண்பர் ஒருவர் ஆன்லைன் ஏலத்தில் "1964 ஒரிஜினல் ஃபியட்" ஒன்றுக்கு ஆசைப்பட்டார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், 1986 பத்மினி! முன்கிரில்லையும் குரோம் பட்டைகளையும் மாற்றி 22 வயது கூட்டியிருந்தார்கள். நல்லவேளை, பணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் யார் பொறுப்பு?

நம்ம செம்பூருக்குப் பக்கத்தில் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964ல் ஃபியட் 1100 டிலைட்டைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதுவே 1970களில் பத்மினி ஆனது. பெயர் மாறியதே தவிர, கடைசிவரை உருவம் கிட்டத்தட்ட அதேதான். வேஷம் போடுவது சுலபம். ஆதாயமும் உண்டு: 50 வருஷம் தாண்டிய, அசல் மாறாத வண்டிகளுக்கு 2021ல் தனி வின்டேஜ் பதிவே வந்துவிட்டது.

சட்டத்துக்கு வருவோம். நம்முடைய 1930 சரக்கு விற்பனைச் சட்டம், இங்கிலாந்தின் 1893 சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அங்கே நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

முதலாவது 1957ல் வெளியான தீர்ப்பு. பதிவுப் புத்தகத்தை நம்பி, தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று ஒருவர் கார் வியாபாரியிடம் கொடுத்தார். உண்மையில் அது 1939 மாடல். யாரோ புத்தகத்தைத் திருத்தியிருந்தார்கள். கொடுத்தவர் சாதாரண ஆள், வாங்கியவர்தான் விவரம் தெரிந்தவர் என்று சொல்லி, நஷ்ட ஈடு இல்லை என்றது நீதிமன்றம்.

இரண்டாவது 1967ல். "1961 ஹெரால்ட்" என்று விளம்பரம். வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி 1961, முன்பாதி அதைவிடப் பழசு. இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள்! விற்றவருக்கே அது தெரியாது. ஆனாலும் விளம்பரத்தில் சொன்ன வர்ணனைப்படி பொருள் இல்லை, எனவே விற்றவரே பொறுப்பு என்று தீர்ப்பு. நம் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் ஏலத் தளம்? 2004ல் பாஸீ.காம் தளத்தில் யாரோ விற்பனைக்கு வைத்த ஆபாச வீடியோவுக்காக அதன் தலைவரே கைதானார். அதன்பின் 2008ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டது. உரிய கவனத்தோடு நடந்து, வெறும் இடைத்தரகராக மட்டும் இருக்கும் தளத்துக்கு 79ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. 2020 மின்வணிக விதிகளோ, வர்ணனை சரியானது என்று விற்பவரிடம் தளம் உறுதிமொழி வாங்கவேண்டும் என்கின்றன.

ஆக, முதல் பொறுப்பு விற்பவருக்கு, கொஞ்சம் தளத்துக்கு. ஆனால் "உள்ளது உள்ளபடியே" என்ற நிபந்தனைக்குச் சம்மதித்துவிட்டால் பின்னால் வாதாடுவது கஷ்டம். வருஷத்தை எழுத்தில் வாங்குங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பழைய நினைவுக்கு விலை கொடுக்கலாம், தப்பில்லை. அடுத்தவர் போட்ட வேஷத்துக்குக் கொடுக்கவேண்டாம்.