இன்கிலாப் என்னும் சொல்லின் வரலாறு

பண்டங்கள் நாடுவிட்டு நாடு செல்லுதல் போலச் சொற்களும் செல்லும். பொன் எந்நாடு புகினும் பொன்னே. சொல்லோ புகுந்த நாட்டின் வரலாற்றுக்கேற்பப் பொருள் திரிந்து நிற்கும். அரசியற் சொற்களில் இத்திரிபு மிகுதி. 'இன்கிலாப் சிந்தாபாத்' என்னும் முழக்கத்தை நம்மவருட் பலரும் கேட்டிருப்பர். அதன் முதற்சொல் மொழிதோறும் பொருள் வேறுபட்ட வகையினை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கியுரைப்பாம்.

இச்சொல் அரபு மொழியிற் பிறந்தது. திருப்புதல், புரட்டுதல் என்னும் பொருளுடைய வேரினின்று கிளைத்தது. நெஞ்சத்தைக் குறிக்கும் 'கல்பு' என்னும் சொல்லும் அவ்வேரினதே. அது தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் இன்றும் வழங்குகின்றது. கதிரவன் தென்செலவு முடித்து வடக்கு நோக்கித் திரும்புதலையும் அரபு வானநூலார் இன்கிலாப் என்பர். ஆங்கிலத்து 'ரெவல்யூஷன்' என்பதும் வானநூலில் வழங்கிய சொல்லே. 1543 ஆம் ஆண்டில் வெளிவந்த கொப்பர்னிக்கசின் இலத்தீன் நூற்பெயரில் அது கோள்களின் சுழற்சியைக் குறித்தது. எனவே, இருசொல்லும் விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கியவை போலும்.

இனி, பிறந்த இடமாகிய அரபு மொழியில் இச்சொல்லுக்கு இன்று நற்பெயர் இல்லை. படைத்தலைவர் சிலர் கூடி ஆட்சியைக் கவர்தலே ஆண்டு இன்கிலாப் எனப்படும். குடிமக்கள் திரண்டெழுந்து அரசை மாற்றுதலைத் 'தௌரா' என்பர். எகிப்து நாட்டில் 1952 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் படையதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றியபொழுது, அதனை முதலில் 'இயக்கம்' என்றனர். பின்னர்த் தௌரா என்றே பெயரிட்டனர். 2013 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் முர்சியைப் படையினர் நீக்கினர். நீக்கியதை உவந்தோர் தௌரா என்றனர். வெறுத்தோர் இன்கிலாப் என்றனர். ஒரு நிகழ்ச்சி, இரு பெயர். எப்பெயரை ஒருவன் வாய் சொல்கின்றதோ அதனால் அவன் எக்கட்சியினன் என்பது வெளிப்பட்டது. சொல்லொன்றே சான்றாகி ஒருவனைப் பகைவனென்றும் நண்பனென்றும் பிரித்துக்காட்டும் நிலை வந்துற்றது.

துருக்கி நாட்டார் இதனை வேறொரு வகையில் ஆண்டனர். குருதி சிந்தும் கிளர்ச்சிக்கு 'இக்திலால்' என்னும் பிறிதோர் அரபுச்சொல்லை வழங்கினர். பிரெஞ்சுப் புரட்சி அவர்க்கு இக்திலாலே. கமால் அத்தாதுர்க்கு கலீபா பதவியை ஒழித்ததும் (1924), தொப்பிச் சட்டம் இயற்றியதும் (1925), அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தைக் கொண்டதும் (1928) 'இன்கிலாப்' எனப்பட்டன. எனவே, ஆண்டு அச்சொல் அரசே முன்னின்று செய்யும் சீர்திருத்தத்தைக் குறித்தது. பின்னர், தனித்துருக்கி வேண்டினோர் அரபுச்சொல்லை விலக்கித் 'தெவ்ரிம்' என்னும் தம்மொழிச் சொல்லை ஆக்கிக்கொண்டனர்.

பாரசீகத்தில் இன்கிலாப் என்பது முழுப் புரட்சியே. ஆயினும் அதனை உரிமை கொண்டாடினோர் ஒருவரல்லர். 1963 ஆம் ஆண்டில் ஈரானிய மன்னர் தாம் புகுத்திய நிலச்சீர்திருத்தம் முதலியவற்றை 'வெண்மை இன்கிலாப்' என்றார். 1979 ஆம் ஆண்டில் அம்மன்னரையே அகற்றிய எழுச்சியும் இன்கிலாப் என்றே பெயர்பெற்றது. நல்ல சொல்லைப் புரட்சிக்குக் கொடுத்துவிட்டமையின், படையினர் ஆட்சி கவர்தலுக்குப் பாரசீகர் பிரெஞ்சு மொழியிற் கடன் வாங்கிக் 'கூதெத்தா' என்பர்.

நம் நாட்டுக்கு இச்சொல் பாரசீகத்தின் வழியாக உருதுவிற் புகுந்து வந்தது. 'இன்கிலாப் சிந்தாபாத்' என்னும் தொடரை 1921 ஆம் ஆண்டளவில் அமைத்தவர் மௌலானா அசுரத் மோகானி என்பர். 1929 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் தில்லிச் சட்டசபையில் பகத்சிங்கும் தத்தரும் குண்டெறிந்து இதனை முழக்கினர். அதுமுதல் இது நாடெங்கும் பரவிற்று. கல்கத்தா 'மாடர்ன் ரிவ்யூ' இதழாசிரியர் இராமானந்த சட்டர்ஜி இம்முழக்கத்தைக் குறைகூறினார். அவ்வாண்டு டிசம்பரில், சிறையிலிருந்த பகத்சிங் அதற்கு மறுமொழி எழுதினார். ஓயாது குருதி சிந்துக என்பது தம் கருத்தன்று. தேக்கமுற்ற நிலையை மாற்றும் உணர்வு என்றும் வாழ்க என்பதே பொருள் என்று விளக்கினார். ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டச் சிறையிலிருந்து ஓர் இளைஞர் எழுதுகோல் எடுத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1931 ஆம் ஆண்டு மார்ச்சு 23 ஆம் நாள் இலாகூரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

தமிழர் இக்கருத்துக்குக் கடன்சொல் கொள்ளவில்லை. வறள் என்பதிலிருந்து வறட்சியும், திரள் என்பதிலிருந்து திரட்சியும் பிறத்தல் போலப் புரள் என்பதிலிருந்து புரட்சி பிறந்தது. அரபு வேரின் பொருளும் புரளுதலே என்பது காண்க. எண்ணம் ஒன்றாதலின் இரு மொழியும் தனித்தனியே ஒருவழிப்பட்டன.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? வேற்றுநாட்டுச் செய்தியைப் படிக்குங்கால், அங்குள்ள சொல் நம் காதுக்குப் பழகியது என்பது பற்றியே நம் பொருளை அதன்மேல் ஏற்றலாகாது. கெய்ரோவிலுள்ளான் இன்கிலாப் என்றால் பழிக்கின்றான். தெகரானிலுள்ளான் பெரும்பாலும் போற்றுகின்றான். இரண்டனையும் 'புரட்சி' என்றே பெயர்த்தெழுதின், பழித்தவன் வாயிற் புகழை வைத்தவராவோம். சொன்னவன் யாவன், எம்மொழியிற் சொன்னான், யாரை நோக்கிச் சொன்னான் என்னும் மூன்றனையும் வினவிய பின்னரே பொருள் துணிதல் வேண்டும். இப்பழக்கத்தை நம் இல்லங்களிற் செய்தித்தாள் படிக்கும் இளைஞர்க்குப் பெரியோர் பயிற்றுவாராக.