காடர் அறிந்த ஆமை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் மேகத்தையும் மலைச்சரிவையும் கண்டு மகிழ்வர். காலடிச் சருகை நோக்குபவர் சிலரே. அம்மலை அமைந்துள்ள மேற்குத் தொடர்ச்சியின் மழைக்காடுகளில், சருகினடியில் மறைந்து வாழும் ஒரு சிறு ஆமையின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

ஆசியாவில் பெட்டி ஆமை என வழங்கும் இனங்கள் சில உண்டு. அவற்றின் அடியோட்டில் கீல் போன்ற இணைப்பு அமைந்திருப்பதால், ஆபத்து வருங்கால் ஓட்டைப் பெட்டிபோல் மூடிக்கொள்ள அவற்றால் இயலும். நம் நாட்டின் வடகிழக்கிலும் நிக்கோபார் தீவுகளிலும் அவை வாழ்கின்றன. நாம் குறிப்பிடும் ஆமை அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அதற்குக் கீல் இல்லை; மறைவே அதன் அரண். தமிழில் பிரம்பு ஆமை என்றும், மலையாளத்தில் சூரல் ஆமை என்றும் அதை அழைப்பர். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமே உள்ள அதன் மேலோடு, மூன்று வரம்புகளுடன் சருகின் நிறத்தை ஒத்திருக்கிறது. முகத்திலோ மஞ்சளும் சிவப்பும் ஒளிர்கின்றன. பழம், இலை, நத்தை, பூச்சி ஆகியவை அதன் உணவு.

சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன், கொச்சி சமஸ்தானத்துக் காவலைப் பகுதிக் காடுகளில் கிடைத்த இரண்டு ஆமைகளைக் கொண்டு 1912-ஆம் ஆண்டில் இவ்வினத்தை உலகிற்கு அறிவித்தார். ‘காட்டுக்குரியது’ என்னும் பொருளுடைய ‘சில்வாட்டிகா’ என்ற லத்தீன் பெயரையும் சூட்டினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் விஞ்ஞானிகள் எவரும் அதைக் கண்டதாகச் செய்தியில்லை. அது அழிந்தொழிந்திருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது.

1982-ஆம் ஆண்டில் ஜெ. விஜயா என்னும் இளம் பெண்மணி அந்த ஐயத்தை அகற்றினார். சென்னைப் பாம்புப் பண்ணையில் பயிற்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் எனப் போற்றப்படுபவர் அவர். அக்காடுகளில் வாழும் காடர் குடியினரின் துணைகொண்டு அவர் ஆமையைக் கண்டறிந்தார். காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கைமுறையையும் ஆராய்ந்தார். 1987-ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார். அதுகாறும் வெவ்வேறு பேரினங்களில் வைத்து எண்ணப்பட்டு வந்த இவ்வாமைக்கு 2006-ஆம் ஆண்டில் தனிப் பேரினம் வகுத்த அறிஞர்கள், அதற்கு ‘விஜயகெலிஸ்’ என்று பெயரிட்டனர். ‘கெலிஸ்’ என்பது ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். விஜயாவின் ஆமை என்று நாம் பொருள் கொள்ளலாம்.

எழுபது ஆண்டுகள் ஏடுகளிலிருந்து மறைந்திருந்த ஆமையைத் தேடி, காட்டை அறிந்த மக்களிடமே விஜயா சென்றார். அவர்கள் காட்டிய வழியே அவருக்குக் கைகொடுத்தது. அழியும் ஆபத்திலுள்ளதாக இன்று கணிக்கப்பட்டிருக்கும் இவ்வினத்திற்கு வேண்டுவன அடர்நிழலும் ஈரமும் சருகும். காடு திருத்தப்பட்டுத் தோட்டமாகும்போதும், தரையில் தீ பரவும்போதும் இம்மூன்றும் ஒருங்கே போகின்றன. வானளாவும் மரங்களைக் காப்பதைப் போன்றே, அவற்றின் கீழுள்ள நிலத்தையும் அந்நிலத்தை அறிந்தவர்களின் அறிவையும் நாம் காத்தல் வேண்டும்.