வட ஆற்காடு எங்கே போயிற்று?

எங்கள் குடும்ப வரலாற்றை நான் கிராம்ப்ஸ் என்ற மென்பொருளில் பதிந்து வருகிறேன். ஆட்களுக்கு இருப்பதுபோல ஊர்களுக்கும் அதில் தனிப் பட்டியல் உண்டு. வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஒரே கிராமம் அந்தப் பட்டியலில் பல ஊர்களாக நின்றது. ஒரு வரியில் வாண்டிவாஷ் தாலுகா, நார்த் ஆர்காட். அடுத்த வரியில் வந்தவாசி தாலுகா, வ.ஆ. ஜில்லா. அதற்கடுத்து வந்தவாசி வட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். கடைசியில் வெறும் திருவண்ணாமலை மாவட்டம். முதல் வரி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் வாழும் எங்கள் பங்காளி வீட்டார் அனுப்பிய கப்பல் பட்டியலிலிருந்து வந்தது. இரண்டாவது தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம். மூன்றாவது என் தம்பி மகளின் பிறப்புச் சான்றிதழ். நான்காவது போன வருடம் எடுத்த பட்டா நகல்.

இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து இணைக்கச் சொன்னால் மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைத்துவிடும். ஆனால் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது அதற்குத் தெரியாது. அதை முடிவு செய்ய ஜில்லாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எல்லைகள் நகர்ந்த கதையைப் படிக்காமல் ஊர்ப் பெயர்களைத் திருத்தக் கூடாது.

1801-ல் ஆற்காடு நவாப் அஜீம்-உத்-தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கர்நாடகம் (கர்னாடிக்) என்று அழைக்கப்பட்ட நவாபின் சீமையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தச் சீமையிலிருந்து வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற ஜில்லாக்கள் பிறந்தன. இரண்டுக்கும் பெயர் கொடுத்தது ஆற்காடு. ஆனால் 19-ம் நூற்றாண்டில் வட ஆற்காட்டுக் கலெக்டர் கச்சேரி சித்தூரில் இருந்தது. தென் ஆற்காட்டுக்குக் கடலூர். ‘ஆற்காடு’ என்று ஒரு பழைய தாளில் இருந்தால் பாலாற்றங்கரை நகரத்தைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடலூர்க் கடற்கரையிலிருந்து திருப்பதி மலையடிவாரம் வரைக்கும் அது எங்கேயும் இருக்கலாம்.

கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய விஷயம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. 1911-ல் அந்த ஏற்றுமதி நிற்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. அதற்குப் பிறகு ஜில்லா, தாலுகா, கிராமம். சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதிய குமாஸ்தாவுக்கு அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் இறக்கினார். அதனால் கிராமப் பெயர் பெரும்பாலும் சிதைந்திருக்கும். தாலுகாவும் ஜில்லாவும் அவர் அடிக்கடி எழுதிப் பழகியவை. அவை ஓரளவு ஒழுங்காக இருக்கும். சிதைந்த கிராமத்தை மீட்க நமக்குக் கிடைக்கும் பிடி இந்த இரண்டும்தான்.

எங்கள் பங்காளி வீட்டார் பல காலம் ஆற்காடு நகரத்தையே பூர்வீகம் என்று நம்பியிருந்தார்கள். தாலுகாப் பத்தியில் வாண்டிவாஷ் என்று இருந்ததுதான் வழி காட்டியது. அந்த எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட் தலைமையில் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை வந்தவாசியில் தோற்கடித்தது. அந்த வெற்றிச் செய்தியோடு இங்கிலாந்துக்குப் போன எழுத்து அப்படியே நிலைத்துவிட்டது. 1870-களில் பிரிட்டிஷ் அதிகாரி ஹண்டர் இந்திய ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஓர் ஒழுங்கு வகுத்தபோதும், பழகிப்போன பெயர்களில் கைவைக்கவில்லை. அவர் தொகுத்த கெசட்டியரிலும் வாண்டிவாஷ்தான், ஆர்காட்தான்.

இனி எல்லைகளுக்கு வருகிறேன். 1911-ல் வட ஆற்காடு முதல் முறை உடைந்தது. சித்தூரும் அதன் வட, மேற்குத் தாலுகாக்களும் தனி ஜில்லாவாயின. கலெக்டர் கச்சேரி வேலூருக்கு வந்தது. இழந்ததற்கு ஈடுபோல, தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலைத் தாலுகாவும் சேலத்திலிருந்து திருப்பத்தூர்த் தாலுகாவும் வட ஆற்காட்டோடு சேர்ந்தன. திருவண்ணாமலையில் ஒரே வீட்டில் 1905-ல் பிறந்த அண்ணன் தென் ஆற்காடு ஜில்லாக்காரர். 1913-ல் பிறந்த தம்பி வட ஆற்காடு ஜில்லாக்காரர். இரண்டு வரியைப் பார்த்து, குடும்பம் இடம்பெயர்ந்தது என்று வம்சாவளியில் எழுதினால் நடக்காத பயணம் ஒன்றை நாம் கற்பித்தவர்கள் ஆவோம்.

இங்கே பசலி ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பட்டாக்களிலும் கிஸ்து ரசீதுகளிலும் பெரும்பாலும் ஆங்கில ஆண்டு இருக்காது, பசலிதான் இருக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் அந்த ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1321 என்றால் 1911 ஜூலை முதல் 1912 ஜூன் வரை. எல்லை மாறிய ஆண்டை ஒட்டிய ரசீதுகளில் இந்தக் கணக்கு மிக முக்கியம். ஜில்லா எது என்று முடிவு செய்வது அந்த ஒரு எண்தான்.

எல்லை நகர்ந்ததற்கு இன்னும் தெளிவான உதாரணம் திருத்தணி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று அங்கே பிறந்தவர் என்றே அறியப்படுகிறார். அன்று திருத்தணி வட ஆற்காட்டில் இருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு அங்கே சென்றது. ம.பொ.சி. முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை நடுவர் படாஸ்கரின் தீர்ப்பும் அதை மீட்டன. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு, செங்கற்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பியது. இன்று திருவள்ளூர் மாவட்டம். ராதாகிருஷ்ணன் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவருடைய பிறந்த ஊர் ஆந்திரத்தில் இருந்தது. குடியரசுத் தலைவரானபோது சென்னை மாநிலத்தில் இருந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அடுத்த உடைப்பு 1989 செப்டம்பர் 30. வட ஆற்காடு இரண்டாகி, ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாகவும் மறு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகவும் ஆயின. எங்கள் வந்தவாசி முதல் பாதியில் விழுந்தது. 1997-ல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியது. அதோடு சம்புவராயர் போயிற்று. மற்ற பாதி வேலூர் மாவட்டம் என்று நிலைத்தது. நூற்றாண்டுகளாகப் பத்திரங்களில் நின்ற வட ஆற்காடு என்ற பெயர் அரசு ஏடுகளிலிருந்து மறைந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இரண்டு ஜில்லாக்களுக்குப் பெயர் கொடுத்த ஆற்காடு நகரம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம்.

2020 ஜூனில் இன்னோர் அடுக்கு சேர இருந்தது. தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளிவந்தது. அதில் வேலூருக்கு ‘வீலூர்’ என்று படிக்கும்படியான எழுத்துகூட இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நிலைத்திருந்தால் எங்களைப் போன்றவர்களின் பட்டியலில் ஒவ்வோர் ஊருக்கும் இன்னொரு வரி கூடியிருக்கும்.

இந்தக் குழப்பம் மென்பொருளுக்குள் நுழைந்ததற்கும் காரணம் உண்டு. வம்சாவளித் தரவுகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஜெட்காம் என்ற வடிவத்தை 1984-ல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபை வெளியிட்டது. அதில் ஆளுக்குத் தனிப் பதிவு உண்டு, குடும்பத்துக்கும் உண்டு, ஊருக்குக் கிடையாது. பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒவ்வொரு நிகழ்வின் அடியிலும் ஊர்ப்பெயரை, சிறியதிலிருந்து பெரியதாக, காற்புள்ளி இட்டு ஒரு வரியாக எழுத வேண்டும். ஊர், கவுண்ட்டி, மாநிலம், நாடு என்ற அமெரிக்க வழக்கத்துக்கு அது பொருந்தும். நமக்குக் கிராமம், ஃபிர்கா, தாலுகா, ஜில்லா, மாநிலம். ஒருவர் தாலுகாவை எழுதுவார், ஒருவர் விடுவார். ஒரு காற்புள்ளி கூடினாலே கணினிக்கு அது வேறு ஊர். தமிழ் எழுத்து கணினியில் சரளமாவதற்கு முன் எல்லாரும் ஆங்கிலத்தில் அவரவர் உச்சரிப்புக்குத் தட்டியதும் சேர்ந்துகொண்டது.

கிராம்ப்ஸ் போன்றவை ஊரையும் ஓர் ஆளைப் போலவே தனிப் பதிவாக நடத்துகின்றன. ஓர் ஊருக்குப் பல பெயர்கள் கொடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் மொழியும் காலமும் குறிக்கலாம். அந்த ஊர் எந்த ஊருக்குள், எந்த வட்டத்துக்குள் அடங்கியது என்பதையும் ஆண்டோடு எழுதலாம். ஆகவே எங்கள் கிராமம் இப்போது ஒரே பதிவு. அது வந்தவாசித் தாலுகாவுக்குள் இருக்கிறது. வந்தவாசித் தாலுகா 1989 செப்டம்பர் வரை வட ஆற்காட்டுக்குள், அதற்குப் பிறகு திருவண்ணாமலைக்குள். வாண்டிவாஷ் என்ற பெயர் அழியவில்லை. தாலுகாவின் ஆங்கிலப் பெயராகப் பக்கத்தில் இருக்கிறது. நிகழ்வின் தேதியைப் பார்த்து மென்பொருளே அந்தக் காலத்து ஜில்லாவைக் காட்டுகிறது.

வட ஆற்காட்டுக்கும் தனிப் பதிவு வைத்திருக்கிறேன். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதைத் திருவண்ணாமலையோடோ வேலூரோடோ இணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 1890-ல் செத்துப்போன என் முப்பாட்டி, அன்று உருவாகியே இராத ஒரு மாவட்டத்தில் செத்ததாக ஆகிவிடும். எழுத்து வேறுபாடுகளை இணைக்கலாம், காலங்களை இணைக்கக் கூடாது. எனக்கு இந்த வேலையில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: பெயர் ஒன்றாக இருந்து ஊர் வேறாக இருப்பது. புதூர், நல்லூர், மேல் என்றும் கீழ் என்றும் தொடங்கும் ஊர்கள், இவை இல்லாத தாலுகா உண்டா? மென்பொருள் இவற்றை ஒன்றின் நகல் என்று நம் முன் நீட்டும். அப்போது தாலுகா அலுவலகப் பழக்கம் கைகொடுக்கிறது. வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பழைய பத்திரங்களில் கிராமப் பெயருக்கு முன்னால் அந்த எண் இருக்கும். அது கிடைத்தால் ஐயமே இல்லை. கிடைக்காவிட்டால் நான்கெல்லையில் வரும் ஏரி, பக்கத்துக் கிராமம், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் பெயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குக்கிராமத்தையும் அதன் தாய்க் கிராமத்தையும் ஒன்றாக்கக் கூடாது. சேரியும் காலனியும் அரசு ஏட்டில் பெரும்பாலும் தாய்க் கிராமத்தின் பெயருக்குள் மறைந்திருக்கும். அவற்றைத் தனி ஊராகவே பதிகிறேன். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுதான் ஊர். உறுதி வராதவரை இரண்டு வரியும் இரண்டாகவே இருக்கட்டும். இணைத்ததைப் பிரிப்பது, பால் ஊற்றிய மோரிலிருந்து பாலை எடுப்பதுபோல.

மூல ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை எழுத்துக்கு எழுத்து சான்றுக் குறிப்பில் வைத்துவிட வேண்டும். பட்டியல் நமக்காக ஒழுங்காகலாம், சான்று ஒழுங்காகக் கூடாது. குமாஸ்தா எப்படிக் கேட்டு எப்படி எழுதினார் என்பதைப் பார்த்து நாளைக்கு வேறொருவர் நம் முடிவைத் திருத்தக்கூடும். அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ, கிஸ்து ரசீதோ, பள்ளி மாற்றுச் சான்றிதழோ இருந்தால், கிராமம், தாலுகா, ஜில்லா, ஆண்டு நான்கையும் இருக்கிறபடியே எழுதி வையுங்கள். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டுத் ‘திருத்த’ வேண்டாம். மாவட்டங்கள் இனியும் பிரியும், பெயர்கள் இனியும் மாறும். டர்பனிலோ மொரீஷியசிலோ இருந்து ஒரு பெண் ‘ஆர்காட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தன் கிராமத்தைத் தேடி வரும்போது, அவளுக்குப் பயன்படப்போவது அந்த நான்கு விவரங்கள்தான்.